கலைக்கு வீடு தந்த தீவு

பாடத்திற்குள் செல்லும்முன்

சிறந்த ஓவியங்களையும் சிற்பங்களையும் காண வேண்டுமாயின் பெருநகரத்து அருங்காட்சியகத்திற்குச் செல்ல வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால், இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, முதியவர்களும் பூட்டிய வீடுகளும் எஞ்சி நின்ற ஒரு சிறு தீவை நாடி உலகப் புகழ்பெற்ற கலைப்படைப்புகள் வந்து சேர்ந்தன. அத்தீவின் பெயர் நவோஷிமா. அது ஜப்பான் நாட்டில் உள்ளது. மாணவர்களே, அத்தீவுக்கு ஒரு பயணம் சென்று வருவோம், வாருங்கள்.

உள்நாட்டுக் கடலில் ஒரு துளி நிலம்

ஜப்பான் பல தீவுகளால் ஆன நாடு. அதன் பெருந்தீவுகளான ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு ஆகிய மூன்றுக்கும் நடுவே அமைந்த கடற்பகுதி செத்தோ உள்நாட்டுக் கடல் எனப்படுகிறது. மூன்று பக்கமும் நிலம் காப்பதால் இக்கடலில் அலைகள் பெரிதாக எழுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு தீவுகள் இதில் பச்சைப் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இதன் அழகைக் கருதி 1934-ஆம் ஆண்டிலேயே இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அச்சிறு தீவுகளுள் ஒன்றே நவோஷிமா. அதன் பரப்பு ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டர். நாள் முழுவதும் நடந்தால் தீவின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். நிருவாக அடிப்படையில் இது ஷிகோக்குவிலுள்ள ககாவா மாநிலத்தைச் சேர்ந்தது. எனினும் எதிர்க்கரையில் உள்ள ஒகயாமா மாநிலமே இதற்கு மிக அருகில் உள்ளது. ஒகயாமாவின் ஊனோ துறைமுகத்தில் படகேறினால் 20 நிமிடங்களில் தீவை அடையலாம். ககாவாவின் தக்கமட்சு நகரிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

படகு மியானோவுரா என்னும் துறையை நெருங்குகிறது. கரையில் முதலில் நம் கண்ணில் படுவது ஒரு பெரிய சிவப்புப் பூசணி! அதன் மேனி முழுவதும் கரும்புள்ளிகள். அருகில் சென்று பார்த்தால் சில புள்ளிகள் துளைகளாக இருப்பதைக் காணலாம். அவ்வழியே குழந்தைகள் உள்ளே நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கின்றனர். "தொடாதீர்கள்" என்னும் அறிவிப்புப் பலகையோடு தொடங்கும் அருங்காட்சியகங்களுக்கு நடுவே, "உள்ளே வாருங்கள்" என்று அழைக்கும் கலைப்படைப்பு இது.

புகை சூழ்ந்த காலம்

இன்று இத்தீவின் குன்றுகள் பசுமையாக உள்ளன. ஆனால், எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை.

1917-ஆம் ஆண்டு தீவின் வடபகுதியில் மிட்சுபிஷி நிறுவனம் ஒரு தாமிர உருக்காலையை நிறுவியது. தாமிரத் தாதுவில் கந்தகம் கலந்திருக்கும். தாதுவை உருக்கும்போது அக்கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடு என்னும் நச்சுவளியாக மாறிப் புகையோடு வெளியேறும். அப்புகை பட்ட இலைகள் கருகும், மரங்கள் பட்டுப்போகும், மரங்கள் இல்லாத குன்றின் மண் மழையில் கரைந்து ஓடும். நவோஷிமாவின் வடபகுதிக் குன்றுகளும், சுற்றியிருந்த சிறு தீவுகளும் இவ்வாறே மொட்டையாயின.

ஆலையால் தீமை விளைந்தது என்று மட்டும் கூறிவிட முடியாது. அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஊருக்கு வருவாய் தந்தது. காடு கெட்டாலும் வாழ்க்கை நடந்தது. பின்னாளில் ஆலையில் வேலைவாய்ப்புக் குறையத் தொடங்கியது. மீன்பிடித் தொழிலும் முன்போல் கைகொடுக்கவில்லை. இளைஞர்கள் ஒசாகா, டோக்கியோ முதலிய நகரங்களை நோக்கிச் சென்றனர். 1960-ஆம் ஆண்டை ஒட்டி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த இடத்தில் இன்று சுமார் மூவாயிரம் பேரே வாழ்கின்றனர். தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

காடும் போய், மக்களும் போன ஒரு தீவை என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களின் கதையே நவோஷிமாவின் கதை.

இருவர் கண்ட கனவு

1959-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 36 ஆண்டுகள் நவோஷிமாவின் நகரத் தலைவராக இருந்தவர் சிகட்சுகு மியாக்கே. அவர் தீவை மூன்று பகுதிகளாகப் பிரித்துத் திட்டமிட்டார். வடக்கே தொழில், நடுவே கல்வியும் குடியிருப்பும், தெற்கே இயற்கையைக் கெடுக்காத பண்பாட்டுப் பகுதி. தொழிற்சாலையை விரட்டவும் இல்லை. அதைத் தீவெங்கும் பரவவிடவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லையை வகுத்ததே அவருடைய அறிவுடைமை.

ஒகயாமாவில் கல்வி நூல்களை வெளியிட்டுவந்த பதிப்பகம் ஒன்றின் நிறுவனர் தெட்சுஹிகோ ஃபுகுதாகே. உலகக் குழந்தைகள் கூடி மகிழ ஓர் இடம் இத்தீவுகளில் அமைய வேண்டும் என்பது அவரது விருப்பம். இவ்விருவரும் 1985-ஆம் ஆண்டு சந்தித்தனர். தீவின் தென்பகுதியை அதற்கென வளர்க்க உடன்பட்டனர். ஆனால், அடுத்த ஆண்டே ஃபுகுதாகே காலமானார். அவருடைய மகன் சோயிச்சிரோ டோக்கியோவிலிருந்து ஒகயாமாவுக்குத் திரும்பித் தந்தையின் பொறுப்பை ஏற்றார். 1989-ஆம் ஆண்டு தென்கரையில் கூடார முகாம் ஒன்று திறக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டு அருங்காட்சியகமும் தங்கும் விடுதியும் ஒன்றாக இணைந்த 'பெனெசே இல்லம்' எழுந்தது. அங்கே தங்குவோர் ஓவியங்களுக்கு நடுவே உறங்கிக் கடலின் முகத்தில் விழிக்கலாம்.

குத்துச்சண்டை வீரர் கட்டிய கட்டடங்கள்

இத்தீவின் கலைக் கட்டடங்களுள் பலவற்றை வடிவமைத்தவர் ததாவோ அண்டோ. 1941-ஆம் ஆண்டு பிறந்த இவர் ஒசாகாவில் வளர்ந்தவர். இளமையில் குத்துச்சண்டை வீரராக விளங்கியவர். எந்தக் கல்லூரியிலும் கட்டடக்கலை பயிலாதவர். நூல்களைப் படித்தும், ஊர் ஊராகச் சென்று கட்டடங்களை நேரில் பார்த்தும் தாமே கற்றுக்கொண்டார். 1995-ஆம் ஆண்டு கட்டடக்கலைக்கு உலகளவில் வழங்கப்படும் பிரிட்ஸ்கர் பரிசு இவரைத் தேடி வந்தது.

அண்டோ தம் ஆசானாக மனத்தில் கொண்டவர் லெ கொர்பூசியே. சண்டிகர் நகரை வடிவமைத்தவர் என்னும் முறையில் நம் நாட்டினர் அப்பெயரை அறிவர். சண்டிகரின் சட்டப்பேரவையையும் உயர்நீதிமன்றத்தையும் கண்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அங்கே பெரும்பாலான சுவர்களின்மேல் பூச்சும் இல்லை, வண்ணமும் இல்லை. கான்கிரீட்டே வெளிப்படையாகத் தெரிகிறது. அண்டோவும் இம்முறையையே பின்பற்றினார். ஆனால், கொர்பூசியேயின் கான்கிரீட் சொரசொரப்பானது. அண்டோவின் கான்கிரீட் பட்டுப்போல் வழவழப்பானது.

இவ்வழவழப்பு எவ்வாறு கிடைக்கிறது? கான்கிரீட் சுவர் எழுப்பும்போது முதலில் இருபுறமும் பலகை அடைப்பு அமைப்பர். நம் ஊரில் இதனைச் 'சென்ட்ரிங்' என்பர். நடுவே ஊற்றப்படும் கலவை, பலகையின் முகத்தை அப்படியே படியெடுக்கும். பலகையில் ஒரு கீறல் இருந்தால் சுவரிலும் கீறல் இருக்கும். ஆகவே, அண்டோவின் கட்டடங்களில் தச்சரின் கைத்திறனே கான்கிரீட்டின் அழகாக வெளிப்படுகிறது. பலகைகளை இறுக்கிப் பிடித்த கம்பிகள் இருந்த இடங்களில் வட்டமான சிறு குழிகள் எஞ்சுகின்றன. அவற்றை அவர் மறைப்பதில்லை. சீரான வரிசையில் அமைந்த அக்குழிகளே சுவருக்கு அணியாகின்றன.

மண்ணுக்குள் ஓர் அருங்காட்சியகம்

தென்பகுதியில் ஒரு குன்றின்மேல் ஏறுகிறோம். 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிச்சு கலை அருங்காட்சியகம் இங்கேதான் உள்ளது. ஆனால், கட்டடம் எங்கே? 'சிச்சு' என்பதற்கு 'நிலத்தினுள்' என்பது பொருள். கடலை நோக்கிய குன்றின் தோற்றம் கெடக்கூடாது என்பதற்காக அண்டோ கட்டடம் முழுவதையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டார். வானிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பசுமையின் நடுவே சில சதுரங்களும் செவ்வகங்களும் ஒரு முக்கோணமும் மட்டுமே தெரியும். அவை உள்ளிருக்கும் முற்றங்களின் வாய்கள். நம் பழைய வீடுகளின் முற்றம் போலவே அவற்றின் வழியாக வெயிலும் மழையும் உள்ளே இறங்குகின்றன.

இங்கே மூன்று கலைஞர்களின் படைப்புகள் மட்டுமே உள்ளன. முதலாமவர் பிரான்சு நாட்டு ஓவியர் கிளாட் மோனே. அவர் தம் தோட்டத்துக் குளத்தில் பூத்த அல்லிகளை வாழ்நாளின் இறுதிவரை வரைந்துகொண்டே இருந்தார். கண்பார்வை மங்கிய முதுமையிலும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. அவ்வரிசையில் ஐந்து ஓவியங்கள் இங்கே உள்ளன. அவற்றுள் பெரியது 6 மீட்டர் அகலம் கொண்டது. காலணிகளைக் கழற்றிவிட்டு, அங்கே தரப்படும் மென்காலணிகளை அணிந்துதான் அவ்வறைக்குள் செல்ல வேண்டும். தரை முழுவதும் சிறுசிறு வெண்சலவைக்கற்கள். அறையின் மூலைகள் வளைவாக உள்ளன. மின்விளக்கு ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கசிந்து வரும் பகலொளி மட்டுமே ஓவியத்தைக் காட்டுகிறது. வானில் மேகம் கடந்தால் ஓவியத்துக் குளத்திலும் நிழல் படர்கிறது. காலையில் கண்ட ஓவியம் மாலையில் வேறாகத் தோன்றுகிறது.

இரண்டாமவர் அமெரிக்கரான வால்டர் டி மரியா. அகன்ற படிக்கட்டின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை ஒன்றை வைத்தார். சுவர்களை ஒட்டிப் பொன்தகடு போர்த்திய 27 மரவடிவங்களை நிறுத்தினார். கதிரவன் நகர நகர, பளபளக்கும் உருண்டையின் மேனியில் வானமும் நகர்கிறது. மூன்றாமவர் ஜேம்ஸ் டரெல். இவருக்கு வண்ணமும் வேண்டா, கல்லும் வேண்டா. ஒளியே இவருடைய கருவி. கூரையில் சதுரமாகத் திறந்த ஓர் அறையில் நாம் அமர்ந்து அண்ணாந்து பார்க்கிறோம். நாள்தோறும் நம் தலைக்குமேல் இருக்கும் அதே வானம், ஒரு சட்டத்துக்குள் வந்தவுடன் ஓவியமாகிறது.

இம்மூன்று அறைகளும் உணர்த்துவது ஒன்றே. பார்ப்பதற்கு நேரம் வேண்டும். விரைந்து நடப்பவருக்கு இங்கே சுவரும் கல்லும் மட்டுமே தெரியும்.

கடலில் விழுந்த பூசணி

குன்றிலிருந்து இறங்கித் தென்கரைக்கு வருகிறோம். கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு பழைய படகுத்துறை. அதன் முனையில், நீலக்கடலுக்கு எதிரே, கரும்புள்ளிகள் கொண்ட மஞ்சள் பூசணி ஒன்று அமர்ந்திருக்கிறது. இதனையும் துறைமுகத்தில் நாம் கண்ட சிவப்புப் பூசணியையும் படைத்தவர் யாயோய் குசாமா என்னும் பெண் கலைஞர். இவர் 1929-ஆம் ஆண்டு, விதை வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கண்ட பூசணிக்காய்கள் வாழ்நாள் முழுவதும் இவர் கலையில் காய்த்துக்கொண்டே இருந்தன.

மஞ்சள் பூசணி 1994-ஆம் ஆண்டு இங்கே வைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வீசிய சூறாவளியில் அலைகள் அதனைப் பெயர்த்துக் கடலுக்குள் இழுத்துச் சென்றன, பூசணி உடைந்தது. அது இல்லாத படகுத்துறை ஓராண்டுக்கும் மேலாக வெறுமையாகக் கிடந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் புதிய பூசணி, முன்னதினும் வலிமையாகச் செய்யப்பட்டு, அதே இடத்தில் வைக்கப்பட்டது. அருங்காட்சியகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அது உடைந்திருக்காது. ஆனால், கடலும் காற்றும் இல்லாத இடத்தில் அது இந்தப் பூசணியாகவும் இருந்திருக்காது.

ஊரே கலைக்கூடம்

இதுவரை கண்டவை யாவும் மக்கள் குடியிருப்புக்கு அப்பால் உள்ளவை. தென்பகுதியில் அருங்காட்சியகம் எழுந்த தொடக்கக் காலத்தில், அதற்கும் ஊரின் அன்றாட வாழ்வுக்கும் தொடர்பு குறைவாகவே இருந்தது. அந்த இடைவெளியைக் குறைத்தது, 1998-ஆம் ஆண்டு தீவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹொன்முரா என்னும் பழைய ஊரில் தொடங்கிய 'கலை இல்லத் திட்டம்'. ஆளின்றிக் கிடந்த வீடுகளையும் பொது இடங்களையும் இடிக்காமல் பழுதுபார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கலைஞரிடம் ஒப்படைப்பதே அத்திட்டம். இன்று அத்தகைய இடங்கள் ஏழு உள்ளன.

முதல் வீட்டின் பெயர் 'கதோயா'. ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையுடையது. உள்ளே நுழைந்தால் இருண்ட கூடத்தின் தரை இருக்க வேண்டிய இடத்தில் ஆழமற்ற நீர்த்தொட்டி. நீருக்கடியில் 125 சிறு எண்விளக்குகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரையிலான எண்கள் மாறிமாறி ஒளிர்கின்றன. சில மின்னல் வேகத்தில் ஓடுகின்றன; சில மெல்ல அசைகின்றன. இதனைப் படைத்த கலைஞர் தட்சுவோ மியாஜிமா, எண்கள் ஓடும் வேகத்தைத் தாம் முடிவுசெய்யவில்லை. 5 வயதுக் குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, அத்தீவின் மக்கள் 125 பேரிடம் அப்பணியை ஒப்படைத்தார். ஆளுக்கொரு விளக்கு, அவரவர் விரும்பிய வேகம். ஒருவருக்குக் காலம் விரைகிறது, மற்றொருவருக்குத் தவழ்கிறது. தாம் வேகம் குறித்த விளக்கைக் காண அவ்வூரார் அவ்வீட்டுக்குள் வந்தனர். கலை, வெளியூரார் கொண்டுவந்து வைத்த பொருள் என்னும் நிலை மாறி, ஊராரின் பொருளாயிற்று.

இரண்டாவது இடம் 'மினாமிதெரா'. முன்பு இங்கே ஒரு புத்தக் கோயில் இருந்தது. அந்நினைவைப் போற்றும் வகையில் அண்டோ மரத்தாலான கட்டடம் ஒன்றை எழுப்பினார். அதன் சுவர்கள் கருகிய நிறம் கொண்டவை. மரப்பலகையின் மேற்பரப்பைத் தீயில் கருக்கினால் பூச்சி அரிக்காது. உப்புக்காற்றும் எளிதில் கெடுக்காது. இது இப்பகுதி மக்களின் பழைய தொழில்நுட்பம். கட்டடத்தின் உள்ளே முற்றான இருள். சுவரைத் தடவியபடி சென்று அமர்கிறோம். ஒன்றுமே தெரியவில்லை. சில நிமிடங்கள் கழித்து, எதிரே மங்கலான ஒளி ஒன்று தோன்றுகிறது. அது புதிதாக ஏற்றப்பட்ட விளக்கு அன்று. தொடக்கம் முதலே அங்கிருந்த ஒளி. நம் கண்கள்தாம் இருளுக்குப் பழக வேண்டியிருந்தது. இதுவும் ஜேம்ஸ் டரெலின் படைப்பே.

மேட்டின்மேல் உள்ள சிறு ஷின்டோ கோயிலில் ஹிரோஷி சுகிமோட்டோ கண்ணாடிப் படிகளை அமைத்துள்ளார். அப்படிகள் கோயிலின் முதன்மைக் கட்டடத்தையும் நிலத்தடியில் உள்ள கற்கூடத்தையும் இணைக்கின்றன. மேலே விழும் ஒளியைக் கீழே கொண்டு சேர்க்கின்றன. ஊரார் ஒன்றுகூடி விளையாடிய வேறோர் இடத்தில், மரத்தில் செதுக்கிய கமேலியா மலர்கள் தரையில் உதிர்ந்து கிடக்கின்றன. வெளித்தோட்டத்தில் உண்மையான கமேலியா மரம் நிற்கிறது. பல் மருத்துவர் ஒருவரின் பழைய வீடும் இன்று கலை இல்லமாகியுள்ளது.

தெருவில் நடக்கும்போது மற்றொன்றையும் காணலாம். கலை இல்லங்கள் அல்லாத, மக்கள் வாழும் வீடுகளின் வாசல்களிலும் அழகிய வண்ணத் துணித் திரைகள் தொங்குகின்றன. அவ்வூரில் வழிவழியாக வழங்கிவந்த வீட்டுப் பெயர்களைப் பொறித்த பலகைகள் சுவர்களில் உள்ளன. தம் ஊரைத் தாமே மீண்டும் பார்க்கத் தொடங்கியதன் அடையாளங்கள் இவை.

பயணம் முடியும் முன் துறைமுகத்தருகே உள்ள பொதுக்குளியலகத்தையும் பார்த்துவிடுவோம். 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதனை ஷின்ரோ ஓதாகே என்னும் கலைஞர் வண்ண ஓடுகளாலும் பழம்பொருள்களாலும் அணி செய்துள்ளார். ஆண்கள் பகுதியையும் பெண்கள் பகுதியையும் பிரிக்கும் சுவரின்மேல் ஒரு யானைச் சிலை நிற்கிறது. இது காட்சிக்கு மட்டும் உரியதன்று. உள்ளூரார் குளிக்க வருகின்றனர். பயணிகளும் அதே வெந்நீரில் இறங்குகின்றனர்.

அண்டைத் தீவின் காயம்

நவோஷிமாவுக்கு அருகில் தெஷிமா என்னும் தீவு உள்ளது. அப்பெயருக்கு 'வளமான தீவு' என்பது பொருள். நெல்வயல்களும் நீரூற்றுகளும் நிறைந்த அத்தீவில் 1970-களின் பிற்பகுதி முதல் தொழிற்சாலைக் கழிவுகள் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டப்பட்டன. 1990-ஆம் ஆண்டு காவல்துறை தலையிட்ட பின்னரே அது நின்றது. குவிந்த கழிவை அகற்றக் கோரி மக்கள், அவர்களுள் பலர் முதியவர்கள், ஆண்டுக்கணக்கில் போராடினர். 2000-ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. ககாவா மாநில அரசு மன்னிப்புக் கேட்டது.

ஏறத்தாழ 9 இலட்சம் டன் கழிவையும் மாசடைந்த மண்ணையும் எங்கே கொண்டு செல்வது? நவோஷிமா முன்வந்தது. உருக்காலை உள்ள வடபகுதியில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. 2003 முதல் 2017 வரை கப்பல் கப்பலாகக் கழிவு அங்கே வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் புகையால் தன் காட்டை இழந்த தீவு, தன் அண்டைத் தீவின் நஞ்சை நீக்க இடம் கொடுத்தது. நவோஷிமாவின் அழகுகளைப் பட்டியலிடுவோர் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெஷிமாவில் 2010-ஆம் ஆண்டு ஒரு கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நீர்த்துளி வடிவிலான வெண்ணிறக் கூரை. தூண் ஒன்றுகூட இல்லை. மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் கான்கிரீட்டை ஊற்றி, இறுகியபின் உள்ளிருந்த மண்ணைத் தோண்டி எடுத்துக் கட்டினர். வடிவமைத்தவர் ரியூவே நிஷிசாவா. உள்ளே பொருள்கள் நிரம்பிய காட்சிப்பேழைகள் இல்லை. தரையின் நுண்துளைகளிலிருந்து நீர் முத்துமுத்தாக ஊறி, உருண்டோடி, ஒன்றோடொன்று கலந்து சிறு குளமாகிறது. இது ரெய் நைத்தோ என்னும் பெண் கலைஞரின் படைப்பு. கட்டடத்தைச் சுற்றிலும் தரிசாகக் கிடந்த படிக்கட்டு வயல்களை ஊராரோடு சேர்ந்து திருத்தி மீண்டும் நெல் விளைவிக்கின்றனர். 2010 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை இக்கடலின் பல தீவுகளில் கலைத் திருவிழாவும் நடைபெறுகிறது.

கலை செய்ததும் செய்யாததும்

கலை வந்ததால் நவோஷிமாவின் குறைகள் யாவும் தீர்ந்துவிட்டனவா? இல்லை. மக்கள்தொகை இன்னும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. திருவிழாக் காலங்களில் படகிலும் பேருந்திலும் இடம் கிடைப்பதில்லை. அமைதியாக இருந்த தெருக்களில் கூட்டம் நெரிகிறது. குடியிருப்பவரின் சன்னலருகே நின்று உரக்கப் பேசுவதும், வாசலைப் படமெடுப்பதும் அவர்களுக்குத் துன்பம் தரும். ஆகவே, அங்கே செல்வோர் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சிச்சு அருங்காட்சியகத்திற்கு முன்பதிவு செய்தல் வேண்டும். கலை இல்லங்களுக்குள் படம் எடுத்தல் கூடாது. குரலைத் தாழ்த்திப் பேசுதல் வேண்டும். நாம் நுழைவது கண்காட்சித் திடலுக்குள் அன்று. ஒருவரின் ஊருக்குள் என்பதை மறத்தல் கூடாது.

எனினும் கலை ஒரு பெரிய செயலைச் செய்தது. "இங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சென்ற இடத்தில் என்னவெல்லாம் இருக்கின்றன என்பதைக் காட்டியது. கருகிய மரப்பலகை, பழைய கூடம், கோயில் நின்ற மேடு, கிழவியின் நினைவிலிருந்த வீட்டுப் பெயர், கடலொளி ஆகிய இவை முன்பும் அங்கேதான் இருந்தன. இருளுக்குப் பழகிய கண்ணுக்கு மெல்லத் தெரிந்த ஒளியைப்போல, அவற்றைப் பார்க்கப் பழகிய பின்னரே அவை தெரிந்தன.

மாணவர்களே, உங்களுள் பலருக்கு விடுமுறையில் மட்டும் செல்லும் ஓர் ஊர் இருக்கலாம். அங்கே தாத்தா பாட்டியின் வீடோ, பூட்டிய கதவோ, பெயர் மறந்துபோன ஒரு தெருவோ இருக்கலாம். அடுத்தமுறை செல்லும்போது சற்று நேரம் நின்று பாருங்கள். அவ்வீட்டுக்கு ஊரார் வழங்கும் பெயர் என்ன என்று கேளுங்கள். கேட்பவர் ஒருவர் இருக்கும்வரை எந்த ஊரும் முற்றாக வெறுமையாவதில்லை.

சொற்பொருள்

நச்சுவளி – நஞ்சு கலந்த வாயு
அண்ணாந்து – தலையை மேல்நோக்கி உயர்த்தி
அணி – அழகு
வழிவழியாக – தலைமுறை தலைமுறையாக
தரிசு – பயிரிடப்படாத நிலம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நவோஷிமா எந்தக் கடலில் அமைந்துள்ளது?
2. 'சிச்சு' என்னும் சொல்லின் பொருள் யாது?
3. ததாவோ அண்டோ கட்டடக்கலையை எவ்வாறு கற்றார்?
4. மஞ்சள் பூசணிக்கு 2021-ஆம் ஆண்டு நேர்ந்தது என்ன?

ஆ. ஒரு பத்தியளவில் விடை தருக.
1. தாமிர உருக்காலையின் புகை குன்றுகளை எவ்வாறு மொட்டையாக்கியது?
2. 'கதோயா' வீட்டின் கலைப்படைப்பு ஊர்மக்களின் படைப்பாகவும் ஆனது எவ்வாறு?
3. தெஷிமாவின் துயரைப் போக்க நவோஷிமா செய்த உதவியை விளக்குக.

இ. சிந்தித்து எழுதுக.
கலைப்படைப்பைப் பாதுகாப்பாகப் பேழைக்குள் வைப்பது சிறந்ததா, திறந்தவெளியில் வைப்பது சிறந்ததா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
கடற்கரை, நிலத்தடி, மரப்பலகை, நீரூற்று

உ. செயல்பாடு
உம் குடும்பத்தாரின் சொந்த ஊரில் உள்ள ஒரு வீட்டையோ பொது இடத்தையோ பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.